செல்லோடு முடிந்திருக்க வேண்டுமா? மஜின் பூ கதை குறித்து ஒரு விரிவான பதில்

டிராகன் பால் இசட் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை முதன்முறையாக முழுவதும் பார்த்து முடித்ததாகவும், கடைசிப் பகுதியான, மஜின் பூ என்ற அரக்கனோடு மோதும் கதை இழுவையாகவும் குழப்பமாகவும் பட்டதாகவும், செல் என்ற முந்தைய வில்லனை நாயகன் கோகுவின் மகன் கோஹான் வீழ்த்தும் இடத்திலேயே தொடரை நிறுத்தியிருக்கலாமே என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கடைசிப் பகுதி அனிமேஷனாக எந்த அளவுக்குத் திறம்படச் செய்யப்பட்டிருக்கிறது என்பது ஒன்று; அப்பகுதி இல்லாமலேயே கதை நிறைவு பெற்றிருக்குமா என்பது மற்றொன்று. முதற்கேள்வியைப் பொறுத்தவரை உங்கள் சலிப்பில் பெருமளவு நியாயம் உண்டு. இரண்டாவதில் நான் உங்களோடு உடன்படவில்லை. அனிமேஷனுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளின் முன்வரைவுப் படவரிசை, வரையும் தொழிலில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையிலும், இத்தொடரை அதன் மூலமான மங்காவின் (ஜப்பானிய காமிக்ஸ்) பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் உள்ளவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். ஜப்பானிய மொழியை வசன வரிகளின் துணையோடுதான் பின்தொடர்கிறேன் என்பதால் உரையாடலின் சொல்நயம் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நீங்கள் முடிவு வரை பார்த்துவிட்டதால் கதையில் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். அகிரா டோரியாமாவின் மங்கா வாராந்திர ஷோனென் ஜம்ப் இதழில் 1984 இறுதியில் தொடங்கி, 1995 மே மாதத்தில் 519 அத்தியாயங்களோடு முடிந்தது. அதன் முற்பகுதியை டோயி அனிமேஷன் 153 எபிசோடுகளாகவும், பிற்பகுதியை டிராகன் பால் இசட் என்ற பெயரில் 1989 ஏப்ரல் முதல் 1996 ஜனவரி 31 வரை 291 எபிசோடுகளாகவும் எடுத்தது. பூ கதை 200ஆவது எபிசோடில் தொடங்குகிறது. தொடக்கப் பாடல் மாறுவது அங்கேதான். இயக்குநர் பொறுப்பு டைசுகே நிஷியோவிடமிருந்து ஷிகெயாசு யமாவுச்சிக்கும், பாத்திர வடிவமைப்பு மினோரு மாயெடாவிடமிருந்து கத்சுயோஷி நகாத்சுருவுக்கும் கைமாறுவதும் அங்கேதான். முகங்களின் கோடுகள் அதன்பின் இறுகிக் கூர்மையாகத் தெரிவது உங்கள் கண்ணின் மயக்கம் அன்று. ஆக, தொடரின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 92 எபிசோடுகள், இந்த ஒரே கதைக்குப் போயிருக்கிறது.

இழுவைக்கான காரணம் இந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. மங்காவில் பூ கதை ஏறத்தாழ 100 அத்தியாயங்கள். ஓர் அத்தியாயம் 14 அல்லது 15 பக்கம். அதிலும் டோரியாமாவின் சண்டைப் பக்கங்கள் கண் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும்படி அமைந்தவை, சில நிமிடங்களில் படித்து முடித்துவிடலாம். அந்தச் சில நிமிடங்களை இருபது நிமிடப் படமாக ஆக்க வேண்டிய நிலையில் டோயி இருந்தது. மங்கா வாரந்தோறும் வெளிவந்துகொண்டிருந்தபோதே அனிமே அதைப் பின்தொடர்ந்ததால், கதையை முந்திச் செல்லவும் வழியில்லை. இந்த நெருக்கடியில் ஸ்டோரிபோர்டு வரைபவர் கையாளக்கூடிய உத்திகள் குறைவு: அசையாத முகத்தை நீட்டிப் பிடிப்பது, ஒரே படத்தின் மீது கேமராவை மெல்ல நகர்த்துவது, தொலைவில் நின்று பார்ப்பவர்களின் வியப்பை ஒவ்வொருவராக வெட்டிக் காட்டுவது, மேகத்தையும் பாறையையும் நடுங்க வைப்பது. நீங்கள் சலித்துக்கொண்ட இடங்களைத் திரும்பப் பார்த்தால் இந்த நான்கும் மாறி மாறி வருவது புலப்படும். இவற்றுள் எனக்கு முழு மனதோடு பிடித்த நீட்சி ஒன்று உண்டு. 245ஆவது எபிசோடில் கோகு முதன்முறையாக சூப்பர் சயான் 3 என்ற, தன் சயான் இனத்தின் உச்ச வலிமை நிலையை எட்டும் காட்சி மங்காவில் வெகு விரைவாகக் கடந்துபோகும். அனிமேயில் கோகுவுக்குக் குரல் கொடுக்கும் மசாகோ நொசாவாவின் கூக்குரல் நிமிடக்கணக்கில் நீள, உலகின் மூலை முடுக்கெல்லாம் அதை உணர்கிறது. இறந்துபோன கோகு பூமிக்குத் திரும்பத் தனக்குக் கிடைத்த ஒரு நாள் வாழ்வின் எஞ்சிய நேரத்தை அந்த ஒரு செயலில் எரித்துக்கொண்டிருக்கிறான் என்பதால் அங்கே நீளத்துக்குப் பொருள் இருக்கிறது. காலம் வேறு வேகத்தில் ஓடும் காலக்கூடத்துக்குள், கோகுவின் இளைய மகனும் அவன் போட்டியாளன் வெஜிட்டாவின் மகனும் இணைந்து உருவாகும் கோட்டென்க்ஸ் நடத்தும் விளையாட்டுகளுக்கு அந்தச் சலுகையை நான் தர மாட்டேன்.

டோரியாமா செல்லோடு முடிக்க விரும்பினார், பதிப்பகம் கட்டாயப்படுத்தியதால்தான் பூ கதை எழுதப்பட்டது என்று ரசிகர்கள் அடிக்கடி சொல்வதை நீங்களும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். இதை நிலைநாட்டப்பட்ட செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜம்ப் இதழ் தன் வரலாற்றிலேயே மிக அதிகமாக, 65 இலட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது 1994 இறுதியில், அதாவது பூ கதை வெளிவந்துகொண்டிருந்தபோது. அப்படிப்பட்ட தொடரை நிறுத்துவது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது என்று ஊகிக்கலாம், ஊகம் அவ்வளவுதான். பதிவில் இருப்பது வேறு ஒரு செய்தி, அதுவே நம் பேச்சுக்குப் பயன்படும்: செல் கதைக்குப் பின் கோஹானை நாயகனாக்க எண்ணியதாகவும், கோகுவோடு ஒப்பிடுகையில் அவன் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்று கண்டதாகவும் டோரியாமாவே சொல்லியிருக்கிறார். பூ கதையின் முதல் பாதி ஒரு திசையிலும் பின்பாதி வேறு திசையிலும் போவதாக உங்களுக்குத் தோன்றியதற்கு இது நேரடியான விளக்கம்.

அந்த முதல் பாதியை, குறிப்பாக கோஹான் பள்ளிக்குப் போகும் எபிசோடுகளை, பலரும் வெறும் நிரப்பல் என்று தள்ளிவிடுகிறார்கள். தற்காப்புக் கலைத் தொடர் என்ற அளவில் கடைசிப் பகுதியிலேயே நேர்மையான காட்சிகள் அங்குதான் இருக்கின்றன என்பது என் கருத்து. கோஹான் தன் பள்ளித் தோழி விடெலுக்குப் பறக்கக் கற்றுத்தரும் இடத்தைப் பாருங்கள்: உடலுக்குள் இருக்கும் கி ஆற்றலை அமைதியாக உணர்வது, அதை வெளியே கொண்டுவருவது, பின் அதைக் கையாள்வது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறான். பழைய குரு கமே சென்னின் பால் புட்டி சுமக்க வைத்தும் வெறுங்கையால் வயல் உழ வைத்தும் சிறுவன் கோகுவைப் பயிற்றுவித்த காலத்துக்குப் பிறகு, கற்பித்தல் என்ற செயல் இவ்வளவு பொறுமையாகத் திரையில் வந்ததில்லை. அதை அடுத்து வரும் 25ஆவது டென்காய்ச்சி புடோகாய் என்ற உலகத் தற்காப்புக் கலைப் போட்டியும் அந்தப் பழைய உலகத்தின் எச்சம்தான். வளையத்துக்கு வெளியே விழுந்தால் தோல்வி, எதிராளியைக் கொல்லக் கூடாது என்ற விதிகளுக்குள் கோகுவும் வெஜிட்டாவும் முதல் சுற்றிலேயே மோத வேண்டும் என்று சீட்டு விழுகிறது. ஆனால் அந்தப் போட்டி அப்படி நடப்பதே இல்லை. கோஹானின் ஆற்றல் களவு போகிறது, எல்லோரும் அரங்கை விட்டுப் பறந்துபோகிறார்கள், கதை பூவை எழுப்ப முயலும் மந்திரவாதி பாபிடியின் கப்பலுக்குள் நுழைகிறது. கப்பலின் தளங்களில் நடக்கும் சண்டைகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

வெஜிட்டாவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அவன் பாபிடியின் மந்திரத்துக்கு ஏமாந்து அடிமையாகவில்லை. தெரிந்தே தன்னைக் கொடுக்கிறான். குடும்பமும் பூமியின் வாழ்வும் தன்னை மென்மையாக்கிவிட்டன என்ற வெறுப்பில், பழைய கொடூரனாக மீண்டும் ஆக வேண்டும் என்று அவனே கோகுவிடம் சொல்கிறான். சீட்டு விழுந்தபடி நடந்திருக்க வேண்டிய சண்டையைப் பெறுவதற்காகப் போட்டி அரங்கின் பார்வையாளர்களைக் கொல்கிறான். பிறகு 237ஆவது எபிசோடில் மகனை ஒருமுறை அணைத்து, அடித்து மயக்கமுறச் செய்துவிட்டு, இறந்தபின் ககரோட்டை (கோகுவின் சயான் பெயர்) மறுவுலகில் சந்திப்பேனா என்று கோகுவின் தோழன் பிக்கொலோவிடம் கேட்கிறான். பிக்கொலோ ஆறுதலுக்காகப் பொய் சொல்வதில்லை: நீ கொன்ற அப்பாவிகள் அதிகம், உனக்கு அந்த வாய்ப்பில்லை என்கிறான். அதற்குப் பிறகும் வெஜிட்டா தன்னை வெடிக்கச் செய்கிறான், பூ சிதறுகிறான், சற்று நேரத்தில் துண்டுகள் ஒன்றுசேர்ந்து எழுந்து நிற்கிறான். கதையின் கணக்கில் அந்தத் தியாகத்தால் விளைந்த பயன் எதுவுமில்லை. இத்தகைய தொடர்களில் நாயகர்களின் தியாகம் பெரும்பாலும் பலன் தரும். டோரியாமா இங்கே பலனைப் பறித்துக்கொண்டு மனிதனை மட்டும் விட்டுவைக்கிறார். இக்காட்சியையும், இறுதிப் போரைப் பார்த்தபடி கோகுவை முதலிடத்தில் வைத்து வெஜிட்டா மனதுக்குள் ஒப்புக்கொள்ளும் காட்சியையும் செல்லோடு முடிந்துபோன ஒரு தொடர் நமக்குத் தந்திருக்காது.

நடுப்பகுதியின் கட்டுமானத்தை ஒரு வரிசையாகப் பாருங்கள். வெஜிட்டா தோற்கிறான், கோகு பூவைத் தானே முடித்திருக்கக் கூடும் என்றும், இறந்துபோன தன்னால் அல்லாமல் உயிரோடிருக்கும் இளையவர்களால் அது நடக்க வேண்டும் என்று விட்டுவந்ததாகவும் பின்னால் ஒப்புக்கொள்கிறான், அந்த இளையவர்களில் கோட்டென்க்ஸ் வாய்வீச்சால் தோற்கிறான், முதிய கைஓஷின் என்ற தெய்வம் ஆற்றலைத் திறந்துவிட்ட கோஹான் வெல்லும் நிலையிலிருந்து விழுங்கப்படுகிறான், கோகுவும் வெஜிட்டாவும் போதாரா காதணியால் இணைந்து உருவான வெஜிட்டோ வெல்லும் நிலையிலிருந்தே வேண்டுமென்று பூவின் வயிற்றுக்குள் போகிறான். வாரிசுகளும் புதிய உருவங்களும் ஒவ்வொன்றாக மேடையேறி இறங்கும் இந்த ஒழுங்கைத் தோல்விகளின் பட்டியலாகவே டோரியாமா நடத்துகிறார் என்று படித்தால் பொருள் கிடைக்கிறது. ஆனால் பார்க்கும்போது அது ஒரே நிகழ்வு திரும்பத் திரும்ப வருவதாகத்தான் உணரப்படுகிறது என்ற உங்கள் குறையை மறுக்க இயலாது. பூ ஒவ்வொருமுறை ஆளை விழுங்கி வலிமை கூட்டும்போதும் எதிர்த் தரப்பு வேறொரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, அந்த வழிகள் எல்லாமே வெளியிலிருந்து கையில் கொடுக்கப்படும் பொருள்களாகவே இருக்கின்றன.

கோஹானுக்கு நேர்ந்ததை நான் இப்பகுதியின் உண்மையான குற்றமாகக் கருதுகிறேன். செல்லிடம் அவன் தடுமாறியது அவன் குணத்தால்: கோபத்தின் ருசியில் எதிரியை உடனே முடிக்காமல் விட்டான், அதன் விலையாகத் தந்தையை இழந்தான். பூவிடம் அவன் தோற்பது எந்தக் குணத்தாலும் அன்று. கோட்டென்க்ஸையும் பிக்கொலோவையும் பூ விழுங்கிவிட்டதால் தராசு சாய்கிறது, அவ்வளவே. நாயகனாக அவன் பொருந்தவில்லை என்று ஆசிரியர் முடிவெடுத்தது அவர் உரிமை. அந்த முடிவைக் கதைக்குள் ஒரு காரணமாக மாற்றும் வேலையை அவர் செய்யவில்லை. பள்ளி, முகமூடி, விடெல் என்று கவனமாகக் கட்டிய வாழ்க்கை முழுவதும் அதன்பின் கதையின் ஓரத்தில் கிடக்கிறது.

மரணத்துக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது என்ற குறையும் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. மனித குலம் ஏறக்குறைய முழுவதையும் பூ சில கணங்களில் அழிக்கிறான், பிறகு பூமியையே வெடிக்கச் செய்கிறான், எல்லாமே பின்னால் வரம் கேட்டுத் திரும்பப் பெறப்படுகின்றன. தொடரில் முன்பு வந்த வில்லன் ஃப்ரீசாவின் கதையில் கோகுவின் நண்பன் க்ரிலினின் சாவு நம்மை உலுக்கியதைப் போல இது உலுக்குவதில்லை, உண்மைதான். ஆயினும் முதிய கைஓஷின் தன் உயிரைக் கோகுவுக்குக் கொடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இறந்தவர்களுக்குரிய வளையம் தலைக்குமேல் தெரியச் சாய்ந்து விழுகிறார், அடுத்த நொடியே எழுந்து முன்போலவே வம்பு பேசுகிறார். மரணத்தை இப்படிக் கேலிப் பொருளாக்கும் கதையை ஃப்ரீசா கதையின் அளவுகோலால் அளந்தால் அது குறைபட்டதாகத்தான் தெரியும். 1980களின் நடுவில் சிறுவன் கோகுவோடு தொடங்கிய நகைச்சுவைக் கதைதான் இங்கே திரும்பி வந்திருக்கிறது. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால் பல இடங்கள் சரியாக உட்காருகின்றன.

உலகச் சாம்பியன் என்று பெயர் பெற்ற மிஸ்டர் சாத்தானிடமிருந்து தொடங்கினால் அது தெளிவாகத் தெரியும். ஆங்கில ஒளிபரப்பில் ஹெர்குல் என்று கேட்டிருப்பீர்கள். செல் கதையில் அவன் வெறும் கோமாளி. கோஹானின் வெற்றியைத் தன்னுடையதாகச் சொல்லி உலகை ஏமாற்றுகிறான், கதை அத்துடன் முடிந்திருந்தால் அந்தப் பொய்க்கு எந்தக் கணக்கும் தீர்க்கப்பட்டிருக்காது. 25ஆவது போட்டியின் இறுதிச் சுற்றில் ஆண்ட்ராய்டு 18 தோற்பதற்கு முதற்பரிசைப்போல் இரு மடங்கு, 2 கோடி ஸெனி (கதையின் நாணயம்) கேட்கிறாள், அவனும் ஒப்புக்கொண்டு பட்டத்தைத் தக்கவைக்கிறான். பிறகு உலகம் அவனைப் பூவைக் கொல்ல அனுப்புகிறது. நச்சு கலந்த சாக்லேட்டும் விளையாட்டுக் கருவிக்குள் ஒளித்த வெடிகுண்டும் பயனளிக்காததால், உயிர் பிழைக்கப் பூவுக்குச் சமைத்துப் போட்டு, குளிப்பாட்டி, பணியாளாகவே ஆகிவிடுகிறான். ஏன் மனிதர்களைக் கொல்கிறாய் என்று ஒருநாள் அவன் கேட்க, பாபிடி சொன்னதால் செய்தேன், நீ வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன் என்கிறான் பூ. அண்டத்தின் கடவுளர்களும் சயான் வீரர்களும் செய்ய முடியாததை வலிமையே இல்லாத ஒருவன் ஒரு கேள்வியால் செய்துவிடுகிறான். அதைக் கெடுப்பதும் பெரிய எதிரி அல்லன். துப்பாக்கியோடு வந்த இரண்டு மனிதர்கள் பூ குணப்படுத்திய நாய்க்குட்டியைச் சுடுகிறார்கள், பிறகு சாத்தானையே சுடுகிறார்கள், அந்தக் கோபத்திலிருந்துதான் கொடிய பூ பிரிந்து வெளியே வருகிறான். இந்தத் தொடரில் பேரழிவு ஒன்று இவ்வளவு சிறிய மனிதத் தீமையிலிருந்து பிறக்கும் வேறு இடம் எனக்கு நினைவில்லை.

கைஓஷின்களின் கோளில் நடக்கும் இறுதிப் போர் இதன் தொடர்ச்சி. நமெக் கோளின் டிராகன் தரும் மூன்று வரங்களைப் பயன்படுத்தும் திட்டத்தைச் சொல்வது வெஜிட்டா: முதல் வரத்தால் பூமி திரும்ப வேண்டும், இரண்டாவதால் கொடியவர்கள் நீங்கலாக இறந்தவர்கள் எழ வேண்டும், எழுந்தவர்கள் கோகு எல்லோரின் ஆற்றலையும் திரட்டி எறியும் ஸ்பிரிட் பாமுக்கு ஆற்றல் தர வேண்டும். இரண்டாம் வரம் நிறைவேறியதும் வெஜிட்டாவின் தலைக்கு மேலிருந்த வளையம் மறைகிறது. பிக்கொலோ சொன்ன தீர்ப்பு அங்கே திருத்தப்படுகிறது. ஆனால் வானிலிருந்து வரும் வெஜிட்டாவின் குரலையும் கோகுவின் குரலையும் நம்பிக் கை உயர்த்துவோர் அவர்களை அறிந்த சிலர் மட்டுமே. லாஞ்ச், ஆண்ட்ராய்டு 8, ஆண்ட்ராய்டு 17 என்று நாம் மறந்துபோன முகங்கள் அங்கே வந்து போகின்றன. மற்றவர்களின் கை உயர்வது சாத்தான் அதட்டிக் கேட்ட பிறகுதான். செல்லை வென்றவன் அவன் என்ற பொய்யை உலகம் ஏழு ஆண்டுகளாக நம்பி வந்ததால்தான் அந்தக் கைகள் உயர்கின்றன. கோஹானிடமிருந்து திருடப்பட்ட புகழ் இங்கே செலவாகி உலகைக் காக்கிறது. செல் கதை பூ கதை இல்லாமல் முழுமை பெறவில்லை என்று நான் சொல்வதற்கு முதன்மையான ஆதாரம் இதுதான்.

இதை ஆசிரியர் முன்கூட்டியே திட்டமிட்டார் என்று நான் வாதாடவில்லை. கதையை வாரத்துக்கு வாரம் யோசித்து எழுதியதாக டோரியாமா பலமுறை சொல்லியிருக்கிறார். எனவே மேலே நான் காட்டிய இணைப்புகளில் சில ஆசிரியரின் நோக்கமாகவும், சில பழைய இழைகளைக் கைக்குக் கிடைத்தபடி எடுத்து முடிச்சிட்டதன் விளைவாகவும், சில என் வாசிப்பாகவும் இருக்கலாம். சாத்தான் பூவுக்காக இறுதியில் கெஞ்சுவதும், அவன் உலகைக் காத்தவன் என்பதால் கோகு விட்டுக்கொடுப்பதும் மட்டும் தற்செயல் என்று கொள்ள என்னால் முடியவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து நடக்கும் முடிவைப் பற்றி நீங்கள் எழுதியது, கோகு குடும்பத்தை விட்டுவிட்டு யாரோ ஒரு சிறுவனோடு பறந்துபோகிறான் என்பது. குடும்பத் தலைவனாக அவனை மன்னிக்க எனக்கும் மனமில்லை. 28ஆவது போட்டியை நடுவில் விட்டுவிட்டுப் போகிறான். ஆனால் தற்காப்புக் கலைக் கதையாகப் பார்த்தால் வேறு முடிவு பொருந்தாது. அந்தச் சிறுவன் ஊப், பூவின் மறுபிறப்பு; தன் ஏழைக் கிராமத்துக்காகப் பரிசுப் பணம் வாங்க வந்தவன்; தன் ஆற்றலை எப்படிக் கையாள்வதென்று அறியாதவன். வாழ்நாள் முழுவதும் ஒருவரிடமிருந்து ஒருவராகக் கற்றுக்கொண்டே வந்த கோகு அங்கேதான் முதன்முறையாக ஒரு மாணவனை முழுநேரமாக ஏற்கிறான். வளையத்துக்குள் நடந்த ஒரு சண்டையிலிருந்து அது தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. இசட் முடிந்து ஒரே வாரத்தில் ஜிடி என்ற தொடர்ச்சி தொடங்கியதும், 2015 முதல் 2018 வரை வந்த டிராகன் பால் சூப்பர் தொடர் இந்தப் பத்து ஆண்டு இடைவெளிக்குள் கதையைச் செருகியதும் இம்முடிவின் வலிமையைக் குறைத்துவிட்டன என்பது வேறு பேச்சு.

மறுபடி பார்க்கும் எண்ணம் இருந்தால் எந்தப் பதிப்பு என்ற கேள்வி எழும். இசட் தொடரைச் சுருக்கி மறுதொகுத்த காய் பதிப்பின் இறுதிப் பகுதி 2014 ஏப்ரல் முதல் 2015 ஜூன் வரை வந்தது; ஜப்பானில் 61 எபிசோடுகள், வெளிநாடுகளில் 69. முந்தைய கதைகளைக் காய் ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கியது. பூ கதையில் அந்த அளவுக்கு வெட்டவில்லை என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். படம் பச்சை பூத்துத் தெரிவதும் கண்ணுக்கு உறுத்தும். இழுவைதான் உங்களுக்குப் பெரிய தடை என்றால் காயே மேல். 237ஆவது, 245ஆவது எபிசோடுகளையும் ஸ்பிரிட் பாமுக்காக மக்கள் கை உயர்த்தும் எபிசோடுகளையும் மட்டும் பழைய பதிப்பிலேயே பாருங்கள். ஷுன்சுகே கிகுச்சியின் இசை அங்கே செய்யும் வேலையைக் காய் பதிப்பின் புதிய இசை செய்வதில்லை.